டானா 30-ஐ மாற்றாமல் முன் ஆக்சிலை உறுதியாக்கியது

என் வண்டி 1996 மாடல் ஜீப் செரோக்கி. 4.0 லிட்டர் இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், முன்னால் டானா 30 ஆக்சில் (இரு சக்கரங்களையும் சேர்க்கும் அச்சு), பின்னால் கிரைஸ்லர் 8.25. கம்பெனியிலிருந்து வந்தபோது 225/75 ஆர்15 டயர், அதாவது உயரம் சுமார் 28 அங்குலம். பாறைத் தடங்களுக்காக 33 அங்குல டயருக்கு மாறினேன். அதற்கப்புறம் வலது முன் டயர் உள்பக்க ஓரத்தில் மட்டும் தேய ஆரம்பித்தது. புது ஆயில் சீல் போட்டும் வலது குழாய் வழியாக எண்ணெய் கசிந்தது. பால் ஜாயின்டில் ஆட்டம் இல்லை, ஹப் பேரிங்கிலும் இல்லை. கோணமானியை வைத்துப் பார்த்தால் வலது சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறது. ஆக்சில் குழாயே வளைந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

ஏன் வலது பக்கம்? செரோக்கியில் முன் டிஃபரன்ஷியல், அதாவது இரு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி, இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். இடது குழாய் குட்டை, வலது குழாய் நீளம். வண்டி குதித்து இறங்கும்போது ஸ்பிரிங் குழாயைக் கீழே அழுத்துகிறது, சக்கரம் நுனியை மேலே தள்ளுகிறது. நீளமான குழாய்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். நுனி மேலே எழும்பினால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். குழாய்க்குள் ஓடும் ஷாஃப்ட் நேராகவே இருப்பதால் அது சீலின் நடுவில் ஓடாது, ஒரு பக்கமாக உரசும். எத்தனை சீல் மாற்றினாலும் கசிவு நிற்காததற்குக் காரணம் அதுதான்.

இந்த நிலைமையில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: டானா 30-ஐக் கழற்றி எறி, அதைவிடப் பெரிய டானா 44 ஆக்சிலைப் போடு, முடிந்தால் இன்னும் பெரிய 60 போடு. அந்த யோசனையை நான் லேசாகத் தள்ளிவிடவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். டானா 30-இன் கிரௌன் வீல் (டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரம்) விட்டம் 7.125 அங்குலம், டானா 44-க்கு 8.5, டானா 60-க்கு 9.75. உள் ஷாஃப்ட் டானா 30-இல் 27 ஸ்பிளைன் (நுனியில் வெட்டிய பற்கள்), 1.16 அங்குலம். 44-இல் 30 ஸ்பிளைன், 1.31 அங்குலம். முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 1.16-லிருந்து 1.31 என்றால் பார்க்கக் கொஞ்சம்தான், ஆனால் பலம் 44 சதவீதம் கூடுகிறது. இதுவரை 44 பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

ஆனால் பாறையில் ஷாஃப்ட் நடுவில் முறிவது அபூர்வம். போவது சக்கரம் திரும்பும்போது ஷாஃப்ட் மடங்க இடம்தரும் யு-ஜாயின்ட், இல்லையென்றால் அதைப் பிடித்திருக்கும் யோக் (ஷாஃப்ட் நுனியிலுள்ள கவை) காது. 1995 மாடலிலிருந்து டானா 30-இல் வரும் 297எக்ஸ் அளவு ஜாயின்டும் டானா 44-இல் இருக்கும் ஜாயின்டும் ஒன்றேதான். அப்படியானால் மொத்த ஆக்சிலையும் மாற்றிய பிறகும் முதலில் உடைகிற இடம் மாறாமல் அப்படியே இருக்கும்.

செலவுக்கணக்கு இன்னும் மோசம். பழைய 44-ஐக் காயலான் கடையில் சல்லிசாகவே பிடிக்கலாம். ஆனால் அதன் சக்கர போல்ட் வட்டம் வேறு. செரோக்கிக்கு 4.5 அங்குல வட்டத்தில் 5 போல்ட், பெரிய டிரக்குகளின் 44-இல் பெரும்பாலும் 5.5 அங்குல வட்டம். ஆக முன்னால் ஒரு ரிம், பின்னால் ஒரு ரிம். அதைச் சரிசெய்யப் பின் ஆக்சிலையும் தொட வேண்டும். அப்புறம் ஸ்பிரிங் இருக்கைகள், கன்ட்ரோல் ஆர்ம் பிராக்கெட்டுகள், டிராக் பார், ஸ்டீயரிங், பிரேக் குழாய் என ஒவ்வொன்றாக வந்து நிற்கும். ஆக்சிலின் விலை மொத்தச் செலவில் சின்னப் பங்குதான். மிச்சமெல்லாம் அதைச் சுற்றியிருப்பவற்றுக்குப் போகும். எனக்கு வளைந்தது குழாய். குழாயை உறுதியாக்க இரும்புத் தகடும் வெல்டிங்கும் போதும். எனவே டானா 30-ஐயே வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன்.

வளைந்த ஹவுசிங்கை, அதாவது ஆக்சிலின் வெளிக்கூட்டை, நிமிர்த்தவில்லை. காயலான் கடையில் நேரான இன்னொரு டானா 30-ஐத் தேடினேன். இதில் இரண்டு லாபம். வேலை நடக்கும்வரை வண்டி பழைய ஆக்சிலில் ஓடும். வேலை முடிந்ததும் பழைய ஆக்சிலின் ஷாஃப்ட், ஹப், நக்கிள் (ஸ்டீயரிங்கோடு திரும்பி ஹப்பைத் தாங்கும் துண்டு) எல்லாம் உதிரியாக நம் கையிலேயே இருக்கும்.

தேடும்போது மூன்று விஷயம் பார்த்தேன். முதலாவது, கிரௌன் வீலைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியன் ஆக்சிலின் நடுக்கோட்டுக்கு மேலே நுழைகிறதா என்று. 1999 வரையிலான செரோக்கிகளில் இப்படி உயர் பினியன் வரும். முன் ஆக்சிலில் இது பெரிய வரம். வண்டி முன்னே போகும்போது பல்லின் உறுதியான முகத்தில் சுமை விழும். தாழ்ந்த பினியன் முன்னால் இருந்தால் அதே சுமை பல்லின் மறுமுகத்தில், பலம் குறைந்த பக்கத்தில் விழும். பினியனுக்கு விசை கொண்டுவரும் கார்டன் ஷாஃப்டும் பாறைக்கு எட்டாத உயரத்தில் நிற்கும்.

இரண்டாவது, யு-ஜாயின்டின் நுனிகளில் மாட்டும் கப்பின் வெளிவிட்டம். வெர்னியரை வைத்தால் 27 மி.மீ. காட்டினால் பழைய சின்ன ஜாயின்ட், 30 மி.மீ. காட்டினால் பெரியது. பெரியதுதான் வேண்டும்.

மூன்றாவதுதான் பணத்தை மிச்சப்படுத்தியது. என் வண்டியில் ஆக்சிலின் கியர் விகிதம் 3.55. டயர் 28.3-லிருந்து 33 ஆனதால் 3.55-ஐ 33/28.3-ஆல் பெருக்கிப் பார்த்தேன், 4.14 வந்தது. வண்டி பழையபடி இழுக்க அந்த விகிதம் வேண்டும். 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜினும் மேனுவல் கியர்பாக்ஸும் கொண்ட செரோக்கிகளில் கம்பெனியே 4.10 போட்டுத்தான் அனுப்பியது. அப்படியொரு வண்டியின் முன் ஆக்சிலை எடுத்தால் முன்னால் கிரௌன் பினியன் வாங்கவும் வேண்டாம், புதிதாகப் பொருத்தவும் வேண்டாம். பின் ஆக்சிலுக்கு மட்டும் ஒரு 4.10 செட் வாங்கினால் சரி. டானா 30-இல் 3.55 வரைக்கும் ஒரு கேரியர் (கிரௌன் வீலைத் தாங்கும் கூடு), 3.73-லிருந்து மேலே வேறொரு கேரியர் என்பதால் சாதாரணமாக விகிதம் மாற்றினால் கேரியரையும் மாற்ற வேண்டிவரும். இந்த வழியில் அந்தச் செலவும் இல்லை. நான்கு சிலிண்டர் வண்டியின் ஆக்சில் என்று பலர் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் தேவைப்பட்டது.

கொண்டுவந்ததை முழுக்கக் கழற்றி, கேரியரையும் வெளியே எடுத்து, நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். டிஃபரன்ஷியல் பேரிங் உட்காரும் வட்டங்களுக்கு அளவாக லேத்தில் இரண்டு தட்டுக் கடைந்து, நடுவில் துளையிட்டு, அதன் வழியே நேரான உருளைக் கம்பியொன்றை இரு குழாய்களின் நுனிவரை செலுத்த வேண்டும். கம்பி குழாயின் வாயில் சரியாக நடுவில் நின்றால் ஹவுசிங் நேர். மேல் கீழ், முன் பின் என நான்கு பக்க இடைவெளியையும் அளந்து எழுதிவைத்தேன். இந்தக் கம்பி இல்லாமல் ஆக்சிலில் வெல்டிங் வைக்கத் தொடங்கவே கூடாது என்பது என் கட்சி. வெல்டிங் சூடு ஹவுசிங்கை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கண்ணால் தெரியாது.

வெல்டிங்குக்கு முன் சுத்தம் செய்வதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பின் மேல் வெல்டிங் வைத்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். கொஞ்சம் உள்ளே போனாலும் நுரையீரலைக் கெடுத்துவிடும். நான் சோப்புத் தண்ணீர், கம்பி பிரஷ், கடைசியாக அசிட்டோன் என்ற வரிசையில் துடைத்து, நன்றாக உலரவிட்டேன்.

முதல் வெல்டிங் குழாயும் நடு வார்ப்பும் சேரும் இடத்தில். கம்பெனியில் குழாயை வார்ப்புக்குள் அழுத்திச் செருகி, சில துளைகளில் மட்டும் வெல்டிங் வைத்திருப்பார்கள். பெரிய டயரின் அதிர்ச்சியில் குழாய் வார்ப்புக்குள்ளேயே திரும்பிவிடலாம். அதனால் சுற்றிலும் வெல்டிங் வைக்க வேண்டும். ஆனால் ஒரு பக்கம் எஃகு, மறுபக்கம் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பில் கரி அதிகம். சூடேறி வேகமாகக் குளிர்ந்தால் வெல்டிங்கை ஒட்டிய பகுதி கண்ணாடிபோல் கடினமாகி வெடித்துவிடும்.

வெல்டிங்கில் பல வருட அனுபவமுள்ள ஓர் அண்ணன் கூட இருந்தார். முதலில் தீப்பந்தம் வைத்து வார்ப்பைச் சூடாக்கினோம். வார்ப்பின் நுண்துளைகளில் ஊறியிருந்த பழைய கியர் ஆயில் புகையாக வெளியே வந்தது. புகை நிற்கும்வரை விட்டுத் துடைத்தோம். சுமார் 200 முதல் 250 டிகிரி செல்சியஸ் வந்ததும் 55 சதவீத நிக்கல் கொண்ட வார்ப்பிரும்பு ராடால் ஓர் அங்குலம் வெல்டிங், உடனே உருண்டைத் தலைச் சுத்தியலால் மெல்லத் தட்டுவது, அப்புறம் நேரெதிர்ப் பக்கத்தில் ஓர் அங்குலம். வெல்டிங் குளிர்ந்து சுருங்கும்போது உண்டாகும் இழுவிசையை இந்தத் தட்டல் தளர்த்துகிறது. பேரிங் கேப்புகளை அவற்றின் இடத்திலேயே மாட்டி இறுக்கியபடிதான் இதையெல்லாம் செய்தோம். இல்லையென்றால் சூட்டில் அந்த வட்டம் கோணிவிடும். முடிந்ததும் கனல் தாங்கும் போர்வையால் முழுக்கச் சுற்றி, காலை வரைக்கும் தொடாமல் விட்டோம்.

அடுத்தது டிரஸ், அதாவது குழாயின் முதுகில் ஏறும் பாலம். 6 மி.மீ. தகடு எடுத்தோம். முதலில் அட்டையில் வெட்டி, ஆக்சில் மேல் வைத்துப் பார்த்து, பிறகு தகட்டில் வரைந்து வெட்டினோம். குழாயின் கனத்தைக் கூட்டுவதைவிட இதில் பலன் அதிகம். வளைவை எதிர்ப்பது உயரம்தான். பொருளை நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அந்தத் தூரத்தின் இருமடிக்கு ஏற்ப விறைப்பு கூடும். குழாய்க்குள் இன்னொரு குழாயைச் செருகும் முறையும் நல்லதுதான். ஆனால் அதில் சேர்கிற இரும்பு நடுக்கோட்டுக்கு அருகிலேயே இருக்கிறது, எடையைப் பார்த்தால் பலன் குறைவு.

உயரம் கூடக்கூட நல்லது என்றாலும் மேலே இடம் வேண்டுமே. ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, என் வண்டியின் பழைய ஆக்சிலை ஜாக்கி வைத்து பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலே வரும் எல்லையிலுள்ள முட்டு) வரை ஏற்றி, இன்ஜின் ஆயில் பான், டிராக் பார், எக்ஸாஸ்ட் மூன்றுக்கும் உள்ள இடைவெளியைக் களிமண் உருண்டை வைத்து எடுத்தேன். ஆயில் பானுக்குக் கீழே டிரஸ் தாழ்ந்து போகும், நீளமான வலது குழாயின் நடுவில் உயர்ந்து நிற்கும். அழகுக்காக ஒரே உயரத்தில் வைத்திருந்தால் எங்கே தேவையோ அங்கே பலம் குறைந்திருக்கும்.

டிரஸ் வெல்டிங்தான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். குழாயின் மேல்பக்கம் வைக்கிற ஒவ்வொரு வெல்டிங்கும் சுருங்கும்போது நுனிகளை மேலே இழுக்கும். பாறை செய்த அதே கெடுதலை நாமே பட்டறையில் செய்துவிடும் ஆபத்து இது. கனமான ஐ வடிவ உத்திரத்தின் மேல் ஆக்சிலைக் கிளாம்ப் போட்டுக் கட்டி, நடுவில் ஜாக்கி கொடுத்து எதிர்ப்பக்கம் லேசாக அழுத்தம் வைத்தோம். 50 மி.மீ. வெல்டிங் வலது நுனியில், அடுத்தது இடது நுனியில், பிறகு நடுவில், பின்பக்கத்தில் என்று மாறி மாறி. நான் அடுத்த ராடை நீட்டினால் அண்ணன் வாங்கமாட்டார். “கை வைக்கிற சூட்டுக்கு வரட்டும் தம்பி, அதுவரைக்கும் கம்பியை விட்டு அளந்து பாருங்க” என்பார். அளந்தேன். ஒரு கட்டத்தில் வலது நுனி மேலே எழும்பத் தொடங்கியது கம்பியில் தெரிந்தது. குழாயின் அடிப்பக்கம் ஒரு சின்ன இடத்தை மட்டும் சிவக்கச் சூடாக்கிக் குளிரவிட்டதும் அடிப்பக்கம் சுருங்கி நுனி பழைய இடத்துக்கு இறங்கியது. எல்லாம் முடிந்து கிளாம்பை அவிழ்த்த பிறகும் கம்பி நடுவிலேயே நின்றது. அந்த நிமிடம் கிடைத்த நிம்மதியை வேலையின் வேறெந்தக் கட்டத்திலும் நான் உணரவில்லை.

குழாய் நுனியில் நக்கிளைப் பிடிக்கும் சி வடிவத் துண்டுகளுக்கும் முட்டுத் தகடு வைத்தோம். குழாய் உறுதியானால் வளைவு அடுத்த பலவீனமான இடத்துக்கு நகரும், அது இந்த சி. முன்னும் பின்னும் வளைவை ஒட்டி வெட்டிய தகடுகள். பால் ஜாயின்டுகளை முதலிலேயே கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் சூட்டில் அவற்றின் கிரீஸும் ரப்பரும் போய்விடும். தகட்டை நிரந்தரமாக வைப்பதற்கு முன், ஷாஃப்டையும் நக்கிளையும் வெறுமனே மாட்டி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, யோக் சுற்றும்போது எங்கும் உரசவில்லை என்று பார்த்துக்கொண்டோம். கீழ் கன்ட்ரோல் ஆர்ம் பிராக்கெட்டுகளுக்கு அடியில் சறுக்குத் தகடு வைத்தது சின்ன வேலை.

இப்போது ஷாஃப்ட். 4340 குரோமாலி ஷாஃப்டுகள் அருமையானவை, வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம். நான் வாங்கவில்லை. கம்பெனி ஷாஃப்டையே வைத்து, ஜாயின்டை மட்டும் ஸ்பைசர் 5-760எக்ஸாக மாற்றினேன். 297எக்ஸின் இடத்தில் அப்படியே உட்காரும். உள்ளே கிரீஸ் போகும் துளை இல்லாத திடமான கிராஸ் (நடுவிலுள்ள சிலுவைத் துண்டு) என்பதால் பலம் அதிகம். உடைவது எப்படி என்று பார்த்தால், முதலில் கப்பைப் பிடிக்கும் கிளிப் தெறிக்கும், கப் வெளியே நகரும், அப்புறம் கிராஸ் கோணலாகி யோக் காதைப் பிளந்துகொண்டு போகும். கிளிப் தெறிக்காமல் இருந்தாலே பாதி உடைப்பு நடக்காது. ஆகவே ஒவ்வொரு கப்புக்கும் யோக் காதுக்கும் இடையே இரண்டு சின்னப் பொட்டு வெல்டிங் வைத்தோம், ஒரு பொட்டு வைத்து ஈரத்துணியால் ஆற்றி அடுத்த பொட்டு. அதிகச் சூடு போனால் உள்ளே ஊசி ரோலர்களின் கிரீஸ் எரிந்துவிடும். இப்படிச் செய்த ஜாயின்டைத் தடத்தில் தனியாக மாற்ற முடியாது. அதனால் இதேபோல் ஜாயின்டோடு தயாராக இரண்டு பக்க ஷாஃப்டும் வண்டியில் உதிரியாக இருக்கின்றன. அவை பழைய ஆக்சிலிலிருந்து வந்தவை, தனிச் செலவில்லை.

முன்னால் லாக்கர், அதாவது இரு சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்றும்படி பூட்டும் கருவி, வைக்கவில்லை. இதற்குக் காரணம் கணக்கு. இன்ஜின் முறுக்குவிசை சுமார் 300 நியூட்டன் மீட்டர். முதல் கியர் 2.80, முன் பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.72, ஆக்சில் 4.10. பெருக்கினால் 9,300-ஐத் தாண்டுகிறது, டார்க் கன்வெர்ட்டர் பெருக்குவதைச் சேர்க்காமலேயே. திறந்த டிஃபரன்ஷியலில் முன்னால் வருவது இரண்டு ஷாஃப்டுக்கும் சமமாகப் பிரியும்; ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றதற்கும் அவ்வளவுதான் போகும். லாக்கர் இருந்தால், ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கி இன்னொன்று பாறையிடுக்கில் மாட்டும்போது அத்தனையும் ஒரே ஷாஃப்டில் இறங்கும். 1.16 அங்குல ஷாஃப்டிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. பின்னால் லாக்கர் இருக்கிறது, என் தடங்களுக்கு அது போதும்.

கோர்க்கும்போது உள் ஆயில் சீல்களை முதலில் மாற்றினேன். டானா 30-இல் அவை கேரியருக்குப் பின்னால், குழாய்வாயில் உட்காரும். கேரியரை எடுத்தால்தான் கைக்கு எட்டும். ஷிம்களை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையங்களை) இடது வலது மாறாமல் அதே இடத்தில் போட்டு, கேப் போல்ட்டுகளை 61 நியூட்டன் மீட்டரில் இறுக்கி, டயல் கேஜ் வைத்துப் பல் இடைவெளியைப் பார்த்தேன். 0.13-லிருந்து 0.20 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், இருந்தது. பல்லில் சாயம் தடவிச் சுற்றிப் பார்த்ததில் தடம் நடுவிலேயே விழுந்தது. ஓடிப் பழகிய கிரௌன் பினியனைத் தேவையில்லாமல் நகர்த்தாமல் விட்டால் இந்த வேலை இவ்வளவு எளிதாக முடியும்.

ஹப்பைப் பிடிக்கும் மூன்று போல்ட்டும் 102 நியூட்டன் மீட்டர். ஷாஃப்ட் நுனி நட்டு 237. இந்த நட்டு ஷாஃப்டை மட்டும் பிடிக்கவில்லை, ஹப் பேரிங்கையும் சேர்த்து அழுத்தி வைத்திருப்பது இதுதான். ஷாஃப்ட் முறிந்தது என்று வெறும் ஹப்போடு வண்டியை ஓட்டினால் பேரிங் பிரிந்து சக்கரமே கழன்றுவிடும். முறிந்த ஷாஃப்டின் வெளித்துண்டையாவது மாட்டி, நட்டை இறுக்கித்தான் நகர வேண்டும்.

டை ராடு பற்றி ஒரு வார்த்தை. இரு முன் சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் கம்பி இது. செரோக்கியின் டை ராடு உட்குழிவான குழாய், பாறையில் பட்டால் வளையும். வி8 இன்ஜின் வைத்த 1990-களின் கிராண்ட் செரோக்கியில் வரும் டை ராடு திடமான கம்பி, நேராகப் பொருந்தும். காயலான் கடையில் அதையும் எடுத்துப் போட்டேன். இந்த முழு வேலையிலும் கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தந்த பொருள் எதுவென்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

ஸ்டீயரிங் ஸ்டாப் போல்ட்டைக் கொஞ்சம் வெளியே திருகி, முழுத் திருப்பத்தைச் சற்றே குறைத்தேன். யு-ஜாயின்ட் 30 டிகிரி மடங்கியிருக்கும்போது அதன் வழியே போகும் முறுக்கு ஒவ்வொரு சுற்றிலும் உச்சத்தில் 15 சதவீதம் அதிகமாகிறது, கோணம் கூடக்கூட இது வேகமாக ஏறும். திருப்பு வட்டம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. குறுகலான இடத்தில் ஒரு தடவை கூடுதலாகப் பின்னே எடுக்க வேண்டியிருக்கிறது, எனக்கு அது சம்மதம்தான். சக்கரம் முழுக்கத் திரும்பி மாட்டிக்கொண்டிருந்தால் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் முதலில் நேராக்கிவிட்டு மிதிக்கிறேன்.

பாறைத் தடங்களில் நன்றாக அடிபட்ட பிறகு மறுபடி அளந்தேன். கேம்பர் (சக்கரத்தின் உள்வெளிச் சாய்வு) இரு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறது, சீல் கசியவில்லை, டயர் சீராகத் தேய்கிறது. ஒவ்வொரு கடினமான ஓட்டத்துக்குப் பிறகும் வார்ப்பை ஒட்டிய வெல்டிங்கைக் கழுவி, வெடிப்பு காட்டும் சாயத்தை அடித்துப் பார்க்கிறேன். சிவப்புக் கோடு எதுவும் இதுவரை எழவில்லை. உதிரி ஷாஃப்டுகளோடு 36 மி.மீ. சாக்கெட், 13 மி.மீ. பன்னிரண்டு முனை சாக்கெட், நீளக் கைப்பிடி, காட்டர் பின், டார்க் ரெஞ்ச் ஆகியவை ஒரே பையில் இருக்கின்றன. பிரேக் கேலிப்பரைத் தூக்கிக் கட்டிவிட்டு, ஹப்பின் மூன்று போல்ட்டையும் எடுத்தால் ஹப்போடு சேர்ந்து ஷாஃப்ட் வெளியே வந்துவிடும்.

35 அங்குல டயரோ முன் லாக்கரோ மனதில் இருப்பவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது. 7.125 அங்குல கிரௌன் வீலுக்குத் தகடு வெல்டிங் வைத்துப் பலம் கொடுக்க முடியாது. அவர்கள் ரிம், பின் ஆக்சில், பிராக்கெட் செலவையெல்லாம் முதலிலேயே கூட்டிப் பார்த்து, நேராக டானா 60-க்கே போய்விடலாம். 33 அங்குல டயர், முன்னால் திறந்த டிஃபரன்ஷியல், நிதானமான கால் என்றால் நேரான ஒரு பழைய உயர் பினியன் ஹவுசிங்கையும் 6 மி.மீ. தகட்டையும் வைத்துத் தொடங்கலாம்.